எல்லை தாண்டிய கால்

பட்டம் கட்டிக் கடலில் ஓடுகிறவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எனக்கு இதில் பதினான்கு வருட அனுபவம். கரையை விட்டுத் தள்ளி, பாறைமேல் உடையும் அலையில் எப்படி இறங்குவது, எப்படி உயிரோடு திரும்புவது என்று கேட்டுப் போன் வரும். வாத்தியார் கணக்காகப் பதில் சொல்லுவேன். அந்த வாத்தியார்தான் வைகாசி மாதத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, இடது கால் இருக்குமா போகுமா என்று மின்விசிறியை வெறித்துக்கொண்டிருந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களை நான் கிட்டச் சேர்ப்பதில்லை. நான் சறுக்கியது கடலில் அல்ல.

என் பெயர் நடராசு. வயது நாற்பத்தொன்று. பாலக்காட்டுக்குக் கிழக்கே, வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் பிட்டர் வேலை பார்க்கிறேன். அதற்கு முன் எட்டு வருடம் தெற்கே கடலோரத்தில் காற்றாலை வேலை. அங்கேதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. "கடல்ல என்ன வெள்ளாமைடா பண்றே?" என்று அப்பா கேட்பார். நான் சிரித்து மழுப்பிவிடுவேன்.

பட்டம் என்றதும் மொட்டைமாடிப் பட்டத்தை நினைக்காதீர்கள். விரித்தால் ஒரு சின்ன அறையை மூடும். அதன் கயிறுகள் நம் இடுப்புப் பட்டையில் மாட்டியிருக்கும், காலடியில் பலகை இருக்கும். காற்று இழுக்க இழுக்கத் தண்ணீர்மேல் ஓடலாம், அலையேறலாம். கரையோர அலை பழகியவனுக்கு அடுத்த ஆசை பாறை அலை. அது ஒரே இடத்தில், சொல்லி வைத்தாற்போல, சுத்தமாக உடையும். ஆனால் உடையும் இடத்தில் அடியில் முழங்கால் அளவு தண்ணீர்தான் இருக்கும். அதற்குக் கீழே கத்தி மாதிரிப் பாறை.

ஆகவே எனக்குச் சில சட்டங்கள் உண்டு. தண்ணீர் வற்றின நேரத்தில் படகில் போய்ப் பாறையைக் கண்ணால் பார்த்து வைக்காமல் இறங்கக்கூடாது. பாறைக்குப் பக்கத்தில் ஆழமாகத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும், ஏனென்றால் தப்பிக்கிற வழி அதுதான். தீவுகளைச் சுற்றித் தடை போட்ட பகுதிக்குள் போகவே கூடாது. கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்றில் கிளம்பினால், கயிறு ஒன்று அறுந்தால் நேரே இலங்கைதான். ஹெல்மெட், நெஞ்சுக்கவசம், ரப்பர் காலணி, கயிறு அறுக்க ஒரு கத்தி, எல்லாம் உடம்பில் இருக்க வேண்டும். அலை பாறைக்கு வந்து சேர்வதற்கு முன்பே அதை விட்டு வெளியேறிவிட வேண்டும். விழுந்தால் மல்லாந்து தட்டையாக விழு, தலையைக் கையால் பொத்து, எழுந்து நிற்காதே. பட்டம் இழுத்தால் யோசிக்காமல் கழற்றிவிடு.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம். எங்கே போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்பது தரையில் இருக்கிற ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அது படகுக்கார அந்தோணி. அவரிடம் சொல்லாமல் நான் ஒருநாளும் தண்ணீரில் கால் வைத்ததில்லை.

இனி எங்கள் ஊர்ச் சட்டம். மாரியம்மன் நோம்பி சாட்டி, அதாவது திருவிழா அறிவித்து, கோயில்முன் கம்பம் நட்டுவிட்டால், ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டிப் போய் வெளியில் ராத்தங்கக்கூடாது. வேலைக்குப் போகலாம், சந்தைக்குப் போகலாம். பொழுதோடு வீடு வந்து சேர்ந்துவிட வேண்டும். காப்புக் கட்டின வீட்டுக்கு இது இன்னும் இறுக்கம். அப்பா இருபது வருடமாகக் காப்புக் கட்டுகிறவர். மணிக்கட்டில் அந்த மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் செருப்புக்கூடப் போடமாட்டார்.

கம்பம் நட்ட வாரத்தில்தான், ஞாயிற்றுக்கிழமை காற்றும் அலையும் சேர்ந்து வருகிறது என்று போனில் காட்டியது. வருடத்தில் நாலு நாள் கிடைத்தால் அதிகம். படுத்தால் தூக்கம் வரவில்லை. எனக்குள்ளே ஒரு வக்கீல் எழுந்து உட்கார்ந்துகொண்டான். ராத்தங்கினால்தானே குற்றம்? சனிக்கிழமை எல்லாரும் படுத்த பிறகு கிளம்பி, ஞாயிறு பொழுதோடு திரும்பிவிட்டால் அது தங்கல் ஆகாதே! கம்பெனியில் மெஷினை நிறுத்திப் பார்க்கிற வேலை, இரவே வரச் சொல்கிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். என் மனைவி சுமதியிடமும் அதையேதான் சொன்னேன்.

கடலில் எல்லாம் சரியாகவே செய்தேன். இதை நெஞ்சில் கை வைத்துச் சொல்லுவேன். அந்தோணியிடம் நேரம் சொன்னேன், அவர் வாய்க்காலில் படகை நிறுத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழெட்டு அலை, ஒவ்வொன்றும் ஆளுயரம். பிறகு ஒன்று நான் நினைத்ததற்கு முன்பே மூடிக்கொண்டது. பட்டத்தைக் கழற்றினேன், தட்டையாக விழுந்தேன், தலையைப் பொத்தினேன். நுரை என்னை உருட்டிக் கொண்டுபோய் வாய்க்காலில் தள்ளியது. படகில் ஏறிப் பார்த்தால் இடது காலில், காலணிக்கு மேலே, நாலு விரல் நீளத்துக்கு ஒரு கீறல். அவ்வளவுதான்.

அந்தோணி குடிதண்ணீர் கேனை அப்படியே அந்தக் காலில் கவிழ்த்துக் கழுவினார். டவுனில் ஆஸ்பத்திரி இருக்கிறது, நன்றாகத் தேய்த்துக் கழுவி ஊசி போட்டுக்கொண்டு போ, பாறைக்கீறலை நம்பாதே என்றார். அரைமணி நேர வேலை. எனக்கு அந்த அரைமணி இல்லை. ஏழு மணி நேரம் வண்டி ஓட்டி, பொழுதோடு எல்லைக்கல்லைத் தாண்டியாக வேண்டும். துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஊருக்குள் நுழையும்போது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. அன்று ராத்திரி கம்பத்தைச் சுற்றி ஆட்டம். நான் ஊரில்தான் இருக்கிறேன் என்று நாலு பேர் பார்க்க வேண்டுமே, பேன்ட்டைப் போட்டு மறைத்துக்கொண்டு நானும் போய் ஆடினேன். கால் விண்விண் என்று தெறித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை இவ்வளவு வேர்வை சிந்திச் செய்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திங்கட்கிழமை விடிகாலையில் குளிர் தூக்கிப் போட்டது. மூன்று போர்வை போதவில்லை. சுமதி போர்வையை விலக்கிக் காலைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். பாதம் முதல் கெண்டை வரை வீங்கி மினுமினுத்தது. கீறலைச் சுற்றிக் கத்தரிப்பூ நிறத்தில் கொப்புளங்கள், உள்ளே ரத்தம் மாதிரி நீர். அப்பா குனிந்து பார்த்தார். பூச்சி ஏதாவது தீண்டியதா என்று கேட்டார். எங்கள் பக்கம் பாம்பு என்று பேர் சொல்லமாட்டோம், பூச்சி என்போம். நான், மோட்டார் ரூம் பக்கத்தில் வேலிக்கம்பி கிழித்துவிட்டது என்றேன். வேலியில் புல் மண்டிக் கிடக்கிறது. கம்பி கிழித்தது என்று நீ நினைத்திருப்பாய், பூச்சிதான் போட்டிருக்கிறது என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். எனக்கும் அது சௌகரியமாகப் போயிற்று.

பாலக்காட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் டாக்டரம்மா ஒருவர், மலையாளி, தமிழை எங்களுக்காக முயன்று பேசுவார். பாம்புக்கடியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கொஞ்சம் ரத்தத்தை எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துவிடுவார்கள். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் நல்லது. தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அந்த இருபது நிமிடமும் அப்பா குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ரத்தம் உறைந்திருந்தது. ஆனால் வீக்கம் நிற்கவில்லை. அதனால் மணிக்கு ஒருமுறை மறுபடி குழாய், மறுபடி இருபது நிமிடம்.

மதியம் டாக்டரம்மா வந்து கட்டில் பக்கத்தில் நின்று நிதானமாகக் கேட்டார். இரண்டு மூன்று நாளில் எங்கேயாவது போனீர்களா? ஆறு, குளம், காடு, வேறு ஊர்? நான் வாய் திறப்பதற்குள் அப்பா பதில் சொன்னார். மஞ்சள் கயிறு கட்டின கையை நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு சொன்னார்.

"நோம்பி சாட்டியிருக்குதுங்க டாக்டரம்மா. வேலைக்குப் போனதத் தவிர எங்கூட்டுல ஒருத்தரும் எல்லை தாண்டுலீங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தூக்கத்தில் வருவது அலை அல்ல, அந்தத் தலையாட்டல்தான். ஒரு வார்த்தை, "கடல்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது வைத்தியத்துக்கு வேண்டிய வார்த்தை என்று எனக்குத் தெரியாது. அப்பாவின் முகத்தை உடைக்கிற வார்த்தை என்று மட்டும்தான் தெரிந்தது.

ஐந்தரை மணிக்கு அப்பா எழுந்தார். காப்புக் கட்டினவர், வெளியில் தங்கக்கூடாது. எல்லைக்குள் கொண்டு போய்ச் சேர்க்கிற கடைசி பஸ் ஆறு மணிக்கு. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகாது, ஆத்தா இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார். வாசல்வரை போய்த் திரும்பி ஒருமுறை பார்த்தார்.

அந்த வார்டில் முத்துலட்சுமி என்று ஒரு நர்ஸ். இடுக்கிப் பக்கம் சாந்தன்பாறையில் ஏலத்தோட்டத்து வீட்டுப் பெண். வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று நீலப் பேனாவால் என் காலில் கோடு போட்டு, பக்கத்தில் மணி எழுதிவிட்டுப் போவாள். கோடுகள் கெண்டையில் இரண்டு, முழங்காலுக்குக் கீழே ஒன்று. கடலில் தண்ணீர் ஏறுவதைக் கரைக்கல்லில் பார்த்தே மணி சொல்கிறவன் நான். என் காலில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்தேன். மூன்றாவது கோட்டைப் போட்டுவிட்டு அவள் சுமதியைத் தனியே கூப்பிடவில்லை, என் முன்னாலேயே சொன்னாள்.

"அக்கா, எங்க தோட்டத்துல பாம்பு கடிச்ச காலு எம்புட்டோ பாத்திருக்கேன். இது அது இல்லக்கா. அண்ணன் எங்கயோ போயிருக்காரு. கேட்டு டாக்டர்ட்ட சொல்லுங்க."

அவள் போன பிறகு சுமதி என்னைப் பார்த்துக் கேட்டாள். அவளுக்கு முன்பே சந்தேகம் இருந்திருக்கிறது. துவைக்கப் போட்ட என் சட்டையில் உப்புப் பூத்துக் கிடந்ததாம். கம்பெனி வேர்வை என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாளாம். ஆமாம், கடலுக்குப் போனேன் என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். கூடவே, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், நோம்பி முடியட்டும், இந்தக் கீறலுக்கும் அதற்கும் என்ன இருக்கிறது என்று அவள் வாயை அடைத்தேன். அவள் என்னோடு சண்டை போடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

செவ்வாய் காலையில் ரத்த அழுத்தம் இறங்கியது. எனக்குப் பேச்சுக் குழறியது. பேனாக்கோடு முழங்காலைத் தொட்டுவிட்டது. கொப்புளங்கள் கறுத்து, ஒரு நாற்றம் கிளம்பியிருந்தது. முதல் பஸ்ஸில் அப்பா வந்து நிற்கிறார், டாக்டரம்மா பெரிய சர்ஜனோடு வந்திருக்கிறார். பாம்பு இல்லை, ஏதோ கிருமி சதையைத் தின்கிறது, எது என்று தெரியவில்லை, ரத்தத்தைக் கிருமி வளர்த்துப் பார்க்க அனுப்பியிருக்கிறோம், முடிவு வர நாளாகும் என்று விளக்கிக்கொண்டிருந்தார்கள். சுமதி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் மாமனார் முன் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"மாமா, நீங்க பொறுத்துக்கோணும். இவரு ஞாயித்துக்கெழமை கம்பெனிக்குப் போகுலீங்க. கடலுக்குப் போயிருந்தாருங்க. கடல் பாறை கிழிச்ச காயமுங்க அது."

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு அவளையே பார்த்தார். "கடலா? உப்புவெள்ளமா? எந்தா இத இப்பச் சொல்றது?" என்று பாதி மலையாளத்தில் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வெளியே ஓடினார். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் ஓடி நான் பார்த்ததில்லை. பத்து நிமிடத்தில் புதுப் பாட்டில்கள் தொங்கின.

பிறகு எனக்கு விளங்கும்படி சொன்னார். சூடான கடல்தண்ணீரில் விப்ரியோ என்று ஒரு கிருமி உண்டு. காலரா கிருமிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்யாது. ஆனால் சர்க்கரை ஏறின உடம்பிலோ, ஈரல் கெட்ட உடம்பிலோ ஒரு கீறல் வழியாகப் புகுந்துவிட்டால் மணிக்கணக்கில் சதையை அழுக வைத்துக்கொண்டு மேலே போகும். அதற்கென்று தனி மருந்து சேர்க்க வேண்டும், உடனே கத்தி வைக்க வேண்டும். எனக்கு முந்நூறுக்கு மேல் சர்க்கரை இருந்தது. எனக்கே தெரியாது. காற்று எவ்வளவு, அலை எவ்வளவு, கயிற்றில் எத்தனை பிசிறு என்று சோதித்த மகாராசன், பதினான்கு வருடத்தில் ஒருமுறை ஒரு சொட்டு ரத்தம் கொடுத்துச் சர்க்கரையைச் சோதித்ததில்லை. அலையில் இறங்குகிறவர்களே, தயவுசெய்து இதை உங்கள் சட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று மதியமே சொல்லியிருந்தால் என்று நான் கேட்க ஆரம்பித்தேன். அதை இப்போது பேச வேண்டாம் என்றார் டாக்டரம்மா. அந்தப் பதிலே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அப்பா என்ன செய்தார் என்று நான் பார்க்கத் துணியவில்லை. தள்ளுவண்டியில் என்னை அறுவை அறைக்குக் கொண்டு போகும்போது ஓரக்கண்ணால் தேடினேன். நடையின் கோடியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். திரும்பி வந்தபோது இல்லை. அன்று ஐந்தரைக்கு முன்பே, மதிய பஸ்ஸிலேயே போய்விட்டார் என்று சுமதி சொன்னாள்.

செத்த சதையை வெட்டிச் சுரண்டி எடுப்பதை ஆஸ்பத்திரியில் "வாஷ்" என்கிறார்கள், ஏதோ துணி துவைப்பது மாதிரி. செவ்வாய் ஒரு வாஷ், புதன் ஒரு வாஷ். மயக்கம் தெளிந்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, எதுவரை வெட்டினீர்கள் என்பதுதான். கட்டை அவிழ்க்கும்போது வரும் நாற்றத்தில் எனக்கே குமட்டும். முத்துலட்சுமி கைப்பையிலிருந்து ஒரு பிடி ஏலக்காய் எடுத்து என் தலையணை உறைக்குள் போட்டாள், இரண்டைச் சுமதி வாயில் அடக்கிக்கொள்ளக் கொடுத்தாள். வீட்டிலிருந்து அம்மா அனுப்பினது, தோட்டத்துப் பச்சைக்காய் என்றாள். யாருக்கும் தெரியாமல் கட்டிலடியிலும் நாலைந்தை நசுக்கிப் போட்டுவிட்டுப் போனாள். அந்த வாசம் இல்லாவிட்டால் சுமதியால் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. என்னாலும் முடியாது, ஆனால் நான் எங்கே எழுந்து போவது?

புதன்கிழமை அப்பா வரவில்லை. அன்றுதான் எங்கள் ஊரில் மாவிளக்கு. வாசலில் செருப்பில்லாத காலடி கேட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பேன். வரவேமாட்டார் என்று தோன்றியது. கால் போவதைவிட அது பெரிய பயமாக இருந்தது என்று சொன்னால் பொய். கால்தான் பெரிய பயம். ஆனால் இரண்டும் ஒன்றாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்தபோது எது எது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. போர்வையைக் கடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர், வலியா தம்பி, நர்ஸைக் கூப்பிடட்டுமா என்றார்.

அந்தோணி தினமும் போன் செய்தார். சுமதி காதில் வைப்பாள். தப்பு என்னுடையது, உன்னை இழுத்துக்கொண்டு போய் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று அவர் புலம்புவார். கடலில் என்னைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர். அவர்மேல் என்ன தப்பு? தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவன் நான்தானே என்றேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குச் சர்ஜன் வந்து உட்கார்ந்தார். டாக்டர் நின்று பேசினால் நல்ல சேதி, உட்கார்ந்து பேசினால் கெட்ட சேதி என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. கிருமி மருந்துக்குக் கட்டுப்பட ஆரம்பித்திருக்கிறது. ஆனால் பாதத்துக்கு ரத்தம் போகவில்லை, அது செத்துவிட்டது. செத்ததை உடம்பில் வைத்திருந்தால் அதன் விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஏற்கெனவே கெடுக்க ஆரம்பித்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் முழங்கால் தங்கும், பின்னால் செயற்கைக் கால் போட்டு நடக்கலாம். இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருந்தால் முழங்காலும் போகலாம், ஆளும் போகலாம்.

நான் பேரம் பேசினேன். விரல்களை மட்டும் எடுங்களேன் என்றேன். சரி, பாதத்தில் பாதி என்றேன். சந்தையில் கன்றுக்குட்டி வாங்குகிறவன் மாதிரி கேட்டுக்கொண்டே போனேன். அலையில் பலகையைத் திருப்புவது அந்த இடது குதிகால்தான் டாக்டர் என்றேன். அவருக்கு அது என்ன புரியும்! இருந்தாலும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சுமதிதான் பேனாவை எடுத்து என் விரல்களுக்கு நடுவே வைத்தாள். "ஏனுங்க, எனக்கு ஆளு வேணுமுங்க" என்றாள். கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

மூன்று மணி இருக்கும். கட்டில் பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. அப்பா. சட்டை வேர்த்து ஒட்டியிருந்தது. கையில் மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது. மறுநாள் கடைசிச் சடங்கான மஞ்சநீர் முடிந்துதான் அதை அவிழ்ப்பார்கள். சுமதி எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். உட்கார்ந்தார். எட்டரைக்கு என்ன என்பதை அவளே அவரிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். தூக்குப்போசியில் இளநீர் கொண்டு வந்திருந்தார், எனக்கு ஆகாது என்று தெரிந்ததும் அதைச் சுமதியிடம் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். மன்னிச்சிருங்க என்று சொல்ல நினைத்து, சொல்லாமலே கிடந்தேன்.

ஐந்தரை ஆயிற்று. முத்துலட்சுமி வந்து சூடு பார்த்துவிட்டுப் போனாள். ஐந்தே முக்கால். அப்பா எழுந்திருக்கவில்லை. சன்னல் வழியாகப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது.

"நேரமாச்சுங்கப்பா," என்றேன்.

"தெரியும்."

"கடைசி பஸ்ஸுங்க."

"இன்னிக்கு இங்கதான் இருக்கறேன்," என்றார் அப்பா. "கோயல்ல எல்லாரும் இருக்கறப்பச் சொல்லிப்போட்டுத்தான் வந்தேன். என்ற பையன் எல்லை தாண்டீட்டான், நானும் தாண்டறேன், ஆத்தா எது கேட்டாலும் என்னையக் கேக்கட்டும்னு."

இருபது வருடம் அந்தக் கயிற்றுக்காக அவர் எதையெல்லாம் விட்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அவருடைய சொந்தத் தங்கை திருப்பூரில் செத்தபோதுகூட பிணம் எடுத்தவுடன் திரும்பி, பொழுதோடு எல்லைக்குள் வந்தவர். நான் விக்கி விக்கி அழுததைப் பார்த்துச் சுமதி வெளியே போய்விட்டாள். அப்பா என்னை அழவிட்டார். நிறுத்தச் சொல்லவில்லை.

வெளிச்சம் மங்கும்போது ஒரு கேள்வி கேட்டார். அவர் கடலைப் பற்றி என்னிடம் உண்மையாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அத்தாம்பெரிய தண்ணிக்குள்ள போறயே, ஆருகிட்டயாச்சும் சொல்லிப்போட்டுத்தான போவே?"

"சொல்லாம எறங்க மாட்டனுங்கப்பா. படகுக்காரர்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான் போவேன். அதுதானுங்க மொதல் சட்டமே."

அப்பா கொஞ்ச நேரம் மணிக்கட்டுக் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அவங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கறே," என்றார்.

எழுந்து கால்மாட்டுக்குப் போனார். போர்வை ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது. அதை உதறி, கட்டுப் போட்ட காலையும் நல்ல காலையும் பக்கம் பக்கமாகச் சேர்த்து வைத்து, இரண்டு பாதத்தையும் இழுத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.